ஏழு பாரியும் ஒரு கருப்புக் குடையும்

சாமியை ஏமாற்றிய ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, கோயில் வாசலில் மனசு மாறி, மூன்று கத்தை முடியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தவரை எனக்கே தெரியும் (என் சித்தப்பா). ஆனால் மாரியம்மனைச் சம்பளமில்லாத ஆய்வக உதவியாளராக வைத்துக்கொள்ளப் பார்த்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதற்கான பலனை அம்மன் அடுத்த ஜென்மத்துக்கெல்லாம் தள்ளிப்போடவில்லை. எட்டே நாளில் கொடுத்துவிட்டாள்.

அப்போது நான் மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி ஏழு மாதம். செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ன வடிவத்தில் இருக்கிறது, அது தன்னை எப்படி நகலெடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் தலைப்பு. (பெண் பார்க்க வந்த அன்று இதைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மிகுந்த அக்கறையோடு, "இதுக்கு மருந்து இருக்காம்மா?" என்று கேட்டார்.)

விஷயம் இதுதான். செல்லுக்குள் சத்தை எரித்துச் சக்தி எடுக்கும் சின்னஞ்சிறு உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. பாடப்புத்தகத்தில் அதை வளையல் மாதிரி வட்டமாக வரைந்திருப்பார்கள். மனுசனுக்கு அது ஓரளவு சரி. செடிக்கும் அதையே வரைந்து வைத்துவிட்டார்கள். செடியின் டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாகப் படித்து வரிசையாக ஒட்டினால் வட்டம்தான் வரும். அதையே அறுக்காமல் வெளியே எடுத்துப் பார்த்தால் வட்டத்தைக் காணோம். நீட்டு நீட்டான இழைகள், கிளை விட்ட இழைகள், பிரிக்க முடியாத சிக்கல்கள். ஏதோ ஒரு மூலையில் பேருக்கு ஒன்றிரண்டு வட்டம்.

இதென்ன கூத்து என்று கேட்காதீர்கள். எங்கள் பாளையம்பட்டி வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடும். சேலைக் கரையில் மயில், மாங்காய், தாமரை, மறுபடி மயில் என்று ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். அந்தக் கரையைக் கண்டபடி நறுக்கி உங்கள் கையில் கொடுத்தால், தாமரைக்கு அடுத்து மயில் வருகிறதே, அப்படியானால் இது வளையம்தான் என்று நீங்களும் சத்தியம் பண்ணுவீர்கள். அது ஆறு கஜ நீளச் சேலை என்று யாருக்குத் தெரியும்?

என் வழிகாட்டிப் பேராசிரியர் வட்டக் கட்சி. நான் நீளக் கட்சி. அறுந்துபோன இழையின் முனை, தன்னைப் போலவே இருக்கும் இன்னொரு இழைக்குள் நுழைந்து, அதைப் பார்த்து எழுதியபடியே வளர்ந்துகொண்டு போகிறது, நுழைந்த இடமெல்லாம் கிளையாகிறது என்பது என் பக்கத்து வாதம். நகலெடுக்கும் விதம்தான் அந்த வடிவத்துக்கே காரணம். இதை நான் இரண்டு வருஷமாகச் சொன்னேன். சார் இரண்டு வருஷமாக ஒரே பதிலைச் சொன்னார்.

"வட்டம் இருக்கும்மா. நீதான் எடுக்கும்போது அத்துவிட்டுர்ற."

என் கையில் கத்தி இருப்பது போலவே பேசுவார். கடைசியில் ஒரு நாள், ஆய்வுக் குழு கூடுவதற்குள் அறுபடாத ஒரு நல்ல படம் காட்டாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷ வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரிய டி.என்.ஏ.க்களைப் பிரிக்க, மின்சாரத்தைத் திசை மாற்றி மாற்றிச் செலுத்தும் ஒரு பெட்டி வேண்டும். அது வேறு துறைக்குச் சொந்தம். கெஞ்சிக் கூத்தாடியதில் பங்குனி மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அதை விட்டால் ஆவணிதான்.

அதற்கு எனக்கு ஒரு கிலோ பாசிப்பயறு முளை தேவை. அதுவும் வெளிச்சமே படாமல் வளர்ந்தது. வெளிச்சம் பட்டால் செடி பச்சை பிடிக்கும். பச்சை பிடித்தால் அந்தப் பச்சைக்குச் சொந்தமான வேறொரு டி.என்.ஏ. பெருகி வந்து என் டி.என்.ஏ.யோடு கலந்து தொலைக்கும். எங்கள் ஆய்வகத்தில் ஓர் இருட்டறை இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். கதவில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினேன். கெஞ்சினேன், கத்தினேன். உள்ளே நின்று, "ஹலோ, இப்பக் கேக்குதா?" என்று விளக்கைப் போட்டுப் பேசாத ஆளே எங்கள் துறையில் கிடையாது. மூன்று முறை விதைத்தேன், மூன்று முறையும் பச்சை.

இந்த நிலைமையில்தான் அத்தை (மாமியார்தான், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் செய்தார். என் கணவர் ஊர், எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிற ஊர்.

"ஏத்தா கோமதி, பங்குனிப் பொங்கலுக்குப் பாரி போடணும். நம்ம வீட்டுக்குப் புதுசா வந்த மருமக போடுறது வழக்கம். உனக்குப் படிப்பு இருக்கு, வர முடியாதுன்னா பரவாயில்ல, சம்முகத்தாயி போட்டுருவா."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முளைப்பாரி! ஜன்னலில் சாக்கைக் கட்டி, கதவைச் சாத்தி, எட்டு நாள் இருட்டில் வளர்க்கும் முளை. வெளுத்து, மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்குமே! யாரும் உள்ளே போய்ப் போன் பேச முடியாது. பேசினால் சாமி கண்ணைக் குத்தும். இப்படி ஓர் இருட்டறை எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

"வாரேன் அத்தை. ஒரு பாரி இல்ல, ஏழு பாரி போடுறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஒரு கிலோ முளைக்கு ஏழு சட்டி வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஊரில் ஏழு பாரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நான் போய் இறங்கியபோது ஊருக்கே தெரிந்திருந்தது. ஏழு பாரி பிள்ளை வரத்துக்குப் போடுவது. கல்யாணமாகி ஏழு மாசத்துக்குள் இவ்வளவு அவசரமா என்று கிழவிகள் கன்னத்தைத் தடவி விட்டுப் போனார்கள். என் கணவர் விருதுநகரில் வேலையில் இருந்தார். அவருக்கு யாரோ போனில் வாழ்த்து வேறு சொல்லியிருக்கிறார்கள். "என்னடி நடக்குது அங்க?" என்று கேட்டார். "மைட்டோகாண்ட்ரியா" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அவரும் பாவம், எத்தனை தடவைதான் விளக்கம் கேட்பார்?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது என்பது பாதிக் காரணம். சொன்னால் ஏழு சட்டி கிடைக்காது என்பது மீதிக் காரணம்.

முளைப்பாரி வீட்டுக்கு எல்லாம் என் ஓரகத்தி சண்முகத்தாய் அக்காதான். கணவரின் அண்ணன் மனைவி, என்னைவிட ஆறு வயது மூத்தவர், கோபம் மட்டும் அறுபது வயது மூத்தது. விதை போடும் அன்று நான் பயறை ப்ளீச்சிங் தண்ணீரில் அலசி எடுத்து வந்தேன். கிருமி இருந்தால் அதன் டி.என்.ஏ.யும் சேர்ந்துகொள்ளும், அதற்காக. அக்கா முகர்ந்து பார்த்தார்.

"ஏ புள்ள, என்ன இது, கக்கூஸ் கழுவுற வாட அடிக்கி?"

"சுத்தம்க்கா. அம்மனுக்குச் சுத்தமா இருக்கணும்ல?"

(இப்படிச் சொல்லும்போது என் நாக்கு அழுகியிருக்க வேண்டும்.)

"எரு எங்க? கரம்ப மண்ணு எங்க? வெறும் மணல்ல போட்டா என்னத்த வளரும்? ஒத்தப் பயற மட்டும் போடுற? நவதானியம் போடணும்டி!"

"எங்க பாளையம்பட்டி வழக்கம் இப்படித்தான்க்கா" என்றேன். பாளையம்பட்டிக்கு அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. பிறந்த ஊரையும் பொய்யில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்து விளக்கு. அந்த அறையின் மூலையில் ஒரு காமாட்சி விளக்கு எரியும். எனக்கு அதுவும் ஆகாது. எங்கள் பக்கம் அம்மன் இருட்டில்தான் இறங்குவாள் என்று இன்னொரு புளுகை அவிழ்த்து, விளக்கைத் திண்ணைப் பக்கம் நகர்த்தவைத்தேன். ஒரு துளி வெளிச்சம் உள்ளே வரக் கூடாது என்று எட்டு நாளும் காவல் நாய் மாதிரி குரைத்தேன். தண்ணீர் தெளிக்கப் போகிற பெண்கள் தடவித் தடவித்தான் போனார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பிள்ளை வரம் கேட்கிற பெண் சொல்கிறாள், செய்துவிட்டுப் போவோம் என்று பொறுத்துக்கொண்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, தினமும் சாயங்காலம் என் சட்டிகளுக்கும் சேர்த்துக் கும்மியடித்தார்கள்.

ஐந்தாம் நாள் இருட்டில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். அடேயப்பா! நெருக்கமாக, திடமாக, நான் போட்ட விதைக்கு ஒன்றரைப் பங்கு முளைத்திருந்தது. ப்ளீச்சிங் பவுடரின் மகிமை என்று நோட்டில் எழுதிவைத்தேன். விதைத்ததற்கு மேல் எப்படி முளைக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காத அந்த விஞ்ஞானியைத்தான் அரசாங்கம் படிக்கவைத்தது.

புதன்கிழமை மத்தியானம் பாரியை வெளியே எடுத்தார்கள். ஏழு சட்டியை ஏழு பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு ஊரணிக்குப் போய், கரைத்துவிட வேண்டும். அங்கே கரைப்பதற்கு முன் நைசாக முளையை மட்டும் பிடுங்கி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் அடைத்து பஸ் ஏறிவிடுவது என் திட்டம். (பெட்டி மல்லாங்கிணறு மீன் கடையில் வாங்கியது. "விலாங்கு" என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது.) ஆனால் பங்குனி வெயிலில் ஊரைச் சுற்றினால் முளை பச்சை பிடிக்க ஆரம்பித்துவிடுமே? அதனால் வாசலில் என் முதல் சட்டி வெளிவந்த நொடியில், கையில் தயாராக வைத்திருந்த பெரிய கருப்புக் குடையை அதன் மேல் விரித்தேன்.

மேளம் நின்றுவிட்டது.

"கருப்பு!" என்றார் ஒரு பெரியவர். அவ்வளவுதான் சொன்னார். போதுமானதாக இருந்தது. அத்தை முகத்தில் ஈயாடவில்லை. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஏனென்றால் முதல் முறையாக வெளிச்சத்தில் என் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே கம்பு ஊசியாக நின்றது. சோளம் நின்றது. மொச்சை கொழுத்து நின்றது. தட்டாம்பயறு, எள்ளு, என்னென்னவோ. ஏழு சட்டியிலும் நவதானியம் அமோகமாக விளைந்திருந்தது.

"அக்கா! என் சட்டில யாரு இதெல்லாம் போட்டது?"

சண்முகத்தாய் அக்கா கொஞ்சம் வெட்கத்தோடும் நிறையப் பெருமையோடும் சொன்னார்: "நாந்தாம்ல. ஒத்தப் பயறு போட்டா பிள்ளைக்கு ஆகாது. உனக்குத் தெரியாம ஆளுக்கு ஒரு பிடி போட்டு விட்டோம். ஆட்டெருவும் வச்சோம். நீதான் வெளக்க வைக்க விடலயே, தெரியவா போகுது?"

ஆட்டெரு வேறு. நான் போட்ட இருட்டுச் சட்டம் என் கண்ணைத்தான் கட்டியிருக்கிறது. ஒன்பது செடிகளின் டி.என்.ஏ.யை ஒன்றாகக் கலந்து மின்சாரப் பெட்டியில் ஓட்டினால் வட்டமும் தெரியாது, நீளமும் தெரியாது, என் தலையெழுத்துதான் தெரியும். நாளைக் காலையில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஊரணிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அங்கே முழங்கால் அளவு தண்ணீர், அதற்கடியில் முழங்கால் அளவு சேறு. சட்டிகளைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். என் இரண்டு வருஷம் மிதக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் புத்தி பேதலித்துவிட்டது. பட்டுச்சேலையோடு இறங்கி, பாசிப்பயறு எது என்று தேடித் தேடிப் பிடுங்கி மீன் பெட்டியில் போட்டேன். பிடுங்கினால் வந்தால்தானே! வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னி, ஒன்றை இழுத்தால் சட்டி முழுக்க வந்தது. கரையில் ஊரே நின்று, புது மருமகள் அம்மனுடைய பாரியை விலாங்குப் பெட்டியில் திருடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏத்தா, என்னத்தா பண்ணுற?" என்று அத்தை அழாத குறையாகக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது.

"நான் பிள்ளைக்குப் போடல அத்தை! ஆராய்ச்சிக்குப் போட்டேன்! இருட்டுல வளந்த முளை வேணும்னு போட்டேன்! நாளைக்கு இது இல்லைன்னா என் படிப்பு போச்சு!"

சேற்றில் நின்று கத்தினேன். ஊரணியில் எதிரொலி நன்றாக இருக்கும். எட்டு நாள் பட்டினியாகக் கும்மியடித்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சண்முகத்தாய் அக்காதான் முதலில் அசைந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"படிச்சவளாம் படிச்சவ. பாசிப்பயறுதான் வேணும்னு மொதல்லயே சொல்றதுக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? தள்ளு அங்கிட்டு!"

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, கண்டதையும் அள்ளி நிரப்பினார். அதோடு விடாமல் என்னோடு மதுரை பஸ்ஸிலும் ஏறினார். வெளிச்சம் படக் கூடாது என்று நான் புலம்பியதால், கடைசி சீட்டில் இருவரும் ஒரே போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, இருட்டில் முளையைப் பிரித்தோம். அக்காவுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. விரலால் உருட்டிப் பார்ப்பார்.

"இது வழுவழுன்னு தடிச்சிருக்கு, தட்டாம்பயறு. இது ஒல்லியா லேசா சுணையிருக்கு, ஒன் பயறு. என்னத்தத்தான் படிக்கவச்சாங்களோ! ஏ, அது மொச்சடி, கீழ போடு!"

காரியாபட்டி தாண்டியதும் கண்டக்டர் போர்வையைத் தட்டி, "யம்மா, உள்ள என்ன?" என்றார். "விலாங்கு" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "உசுரோட இருக்கா?" என்று கேட்டார். "உசுரோடதான் வேணுமாம்" என்றார் அக்கா போர்வைக்குள்ளிருந்து.

ஒரு கிலோ தேறவில்லை. தேறியதைக் கழுவோ கழுவென்று கழுவி, அரைத்து, சுழற்றி, மைட்டோகாண்ட்ரியாவை உடைக்காமல் பிரித்து, கூழ் போன்ற ஜெல்லில் முழுசாகப் பதித்து, அதற்குள்ளேயே வைத்து டி.என்.ஏ. தவிர மற்றதையெல்லாம் கரைத்தேன். அப்படிச் செய்தால் டி.என்.ஏ.யைக் கை தொடவே தொடாது, அறுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரப் பெட்டியில் வைத்து ஓட்டி முடித்துப் படம் எடுத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கீழே வரைக்கும் தேய்த்துவிட்டது போல மங்கலான ஒரு பட்டை. மேலே, டி.என்.ஏ.யை வைத்த குழியிலேயே, பளிச்சென்று ஒரு பெரிய கும்பல் நகராமல் நின்றது. வட்டம் இருந்தால் தனியாக விழ வேண்டிய கோடு இல்லை.

"அத்துவிட்டுட்டயேம்மா" என்றார்.

அந்த நொடியில் எனக்கு வந்த எரிச்சலில் ஊரணிச் சேறு முழுக்க இருந்தது.

"சார், அந்து போனது கீழ ஓடிரும். குழிக்குள்ள நிக்கிறதுதான் ஜாஸ்தி. அது ஏன் நகரல? முளைப்பாரிச் சட்டிய நீங்க பிடுங்கிப் பாத்திருக்கீங்களா? வேரெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கும். ஒத்தச் செடியா வராது, மொத்தமாத்தான் நிக்கும். இதுவும் அப்படித்தான், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு கிளை விட்டு வளந்திருக்கு. வட்டமா இருந்தா இப்படி நிக்காது சார்!"

(கொஞ்சம் பொய். பெரிய வட்டமும் குழிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். அதை அறுத்துப் பார்த்து நிரூபிக்க எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது.) சார் வெகு நேரம், நான் இன்னும் மாற்றாத சேலையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். "தலைப்பு இருக்கட்டும்" என்றார்.

அடுத்த பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவே பயந்தேன். அத்தைதான் வரச் சொன்னார். முளைப்பாரி வீட்டில் ஏழு சட்டி வைத்திருந்தார்கள். ஆறில் நவதானியம், ஒன்றில் பாசிப்பயறு மட்டும். "ஒன் சாமிக்கு ஒண்ணு, எங்க சாமிக்கு ஆறு" என்றார் அத்தை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நாலு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். ஏழு பாரியின் பலன்தான் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இத்தனை தாமதமானதற்குக் கருப்புக் குடை காரணம் என்பதிலும் சந்தேகம் கிடையாது. எந்தச் சோதனையும் இல்லாமல் முடிவுக்கு வரக் கூடாது என்று நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்துவிட்டேன். கும்மியடித்த பெண்கள் குழு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது, என்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் கையில் வாங்கியவர் சண்முகத்தாய் அக்கா. கன்னம், வயிறு, தொடை எல்லாம் உருண்டையாக இருந்தாள். அக்கா அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தாடி, நீளம் நீளம்னு ஒத்தக்கால்ல நின்னியே. ஒங்க சார்ட்ட போன் போட்டுச் சொல்லு, வட்டம் கெடச்சிருச்சின்னு."

மகளுக்கு இப்போது ஆறு வயது. வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வட்டம்தான். நான் ஊருக்கு ஊர் போய்ச் செடியின் டி.என்.ஏ. வட்டமில்லை என்று பேசிவிட்டு வருகிறேன். வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளிருந்து வட்டம் ஓடி வருகிறது.